ரசீது எண் முப்பத்தொன்று

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே
நாற்பது கடிதம் ஜெராக்ஸ் எடுத்தேன்.
'ஜெபத்தாலும் பணத்தாலும் தாங்குங்கள்.'
எதை முன்னால் போடுவதென்று
இரண்டு ராத்திரி யோசித்து
ஜெபத்தை முன்னால் போட்டிருந்தேன்.
கடைக்காரர் வாசித்துவிட்டு
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.
அதற்கு ரசீது உண்டா இல்லையா,
முதல் குழப்பம் அங்கேயே தொடங்கியது.

ஒடிசாவில், மல்கான்கிரி தாண்டி ஒரு கிராமம்.
பன்னிரண்டு நாள்.
ரயில், ஜீப், கொசுவலை, மலேரியா மாத்திரை,
தலைக்குப் பதினாலாயிரத்து ஐந்நூறு.
தேயிலை ஃபாக்டரியில் இலை எடை எழுதுகிற எனக்கு
அது ஒரு மாதச் சம்பளமும் கொஞ்சம் கூடவும்.
"கையிலிருந்து கட்டிவிடாதே கெட்சி,
கேள், கேட்பதும் ஊழியம்தான்" என்றான்
குழுவை நடத்தும் ஷெல்டன்.
அவனுக்கென்ன, அப்பா வங்கி மேலாளர்.

கேட்டேன்.
காலிங் பெல்லை அழுத்திவிட்டு
உள்ளே யாரும் இருக்கக் கூடாதே என்று
வேண்டிக்கொள்ளும் ஒரு ஜெபம் புதிதாகப் பழகியது.
பாடகர் குழு எபனேசர் சார் ஆயிரம்,
வரிவிலக்கு உண்டா என்ற கேள்வியோடு.
சித்தி ஐந்நூறு,
'இதைச் சீட்டில் போட்டிருந்தால்' என்ற பெருமூச்சோடு.
கேரட் மண்டி தாவீது அண்ணாச்சி மட்டும்
உட்காரச் சொன்னார்.
"அங்கே போய் என்ன செய்வீங்க?"
பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை.
பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு.
மருத்துவ முகாமில் பேர் எழுதுவது.
"பேர் எழுதவா ஒடிசா வரைக்கும்?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
இரண்டாயிரம் கொடுத்தார்.
ராத்திரி போர்வைக்குள் அந்தக் கேள்வி திரும்ப வந்தபோது
சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

முப்பது ரசீது ஆனது.
முப்பத்தொன்றாவதை நான் கேட்கவே இல்லை.

அன்று விடியலிலிருந்து மழை.
கீழ்லைன் ரூபாவதி தன் கால் ஏக்கர் இலையை
முதுகில் சுமந்துவந்து தராசில் இறக்கினாள்.
இருபத்து மூன்று கிலோ.
ஈரத்துக்குக் கழிவு இரண்டு என்று எழுதினேன்.
ஃபாக்டரியின் விதி, என் கையெழுத்து.
மத்தியானம் திரும்பி வந்தாள்.
"ஏதோ ஊருக்குப் போறியாமே.
நான் உங்க கோயிலுக்கு வர்றவ இல்ல.
ஆனாலும் தூரம் போற பிள்ளைய
வெறுங்கையா அனுப்பக் கூடாது."
பிளாஸ்டிக் உறைக்குள் நனையாத இருநூறு.
"அங்க குளிருமா?"
வெயில் என்கிறார்கள் அக்கா.
"அப்ப ஸ்வெட்டர் இல்லாம இருக்கப் பழகு."
ரசீதைக் கிழிப்பதற்குள் போய்விட்டாள்.

இருநூறு ரூபாய் எத்தனை கிலோ இலை என்று
இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?
ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி
எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்.
அன்று சாயங்காலம் காணிக்கைப் பெட்டியைத் திறந்து
அந்தக் காசை எண்ணிக் கணக்கு எழுதினவன்
வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டான்
என்று ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாளும் மழை.
தராசில் அதே சாக்கு. இருபத்தொன்று.
கழிவுக் கட்டத்தில் பேனா நின்றது.
மேலாளர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
இரண்டு என்று எழுதினேன்.
அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோவையில் ரயில்.
இன்னும் ஆயிரத்து அறுநூறு பாக்கி.
கதவைச் சாத்திக்கொண்டு
ஸ்வெட்டரைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன்.
வேறு யாருடையவோ போல மெலிந்த இரண்டு கை,
சில்லிட்டு, மயிர் சிலிர்த்து.

கட்டிலில் உட்கார்ந்து
ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டுகிறேன்.
ஊழியத்துக்குப் போகிறவள் என்று எழுத
அதில் இடமில்லை.
முப்பத்தொன்றிலும், மற்ற முப்பதைப் போலவே,
என் பெயருக்கு மேலே அச்சில் இருப்பது
'பெற்றுக்கொண்டவர்.'

ஃபாக்டரியின் இலைச் சீட்டிலும்
அதே சொல்தான்.
நான்கு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்,
வாசித்ததில்லை.